வீட்டுத் தோட்டம்: கொல்லைப்புறத்துக் களா



திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். 'பிளாக் கரண்ட்' ஐஸ்கிரீம் என்றால் அவளுக்கு உயிர். அந்தப் பழத்தின் செடியை நம் வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்று கேட்டு நச்சரிக்கிறாளாம். கைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தில், செடி ஒன்று 600 ரூபாய் என்றும், எந்த மண்ணிலும் வளரும், ஆறே மாதத்தில் காய்க்கும் என்றும் போட்டிருந்ததாம். "பணம் அனுப்பலாமா, வேண்டாமா? எங்கள் வீட்டில் 600 ரூபாய் என்பது யோசித்துச் செலவிட வேண்டிய தொகை" என்று எழுதியிருந்தார்.

சகோதரியே, அனுப்ப வேண்டாம். இதை நான் ஏட்டறிவைக் கொண்டு மட்டும் சொல்லவில்லை. என் கைப்பணத்தை இழந்தும் கற்றிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செடி வியாபாரியிடம் 'பிளாக் கரண்ட்' என்று சீட்டுக் கட்டியிருந்த ஒரு கன்றை 450 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். மல்லிகைப் பந்தலின் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். தை மாதம் வரை ஒருவாறு நின்றது. பங்குனியில் இலையோரம் கருகிற்று. சித்திரை வெயிலில் குச்சி மட்டுமே மிஞ்சியது. எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ள விரும்பி, விவரமறிந்தவர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. நான் நீர் ஊற்றியதில் தவறில்லை. எங்கள் வளவனூரில் அந்தச் செடியை வைத்ததே தவறு.

பிளாக் கரண்ட் என்பது ஐரோப்பாவின் வடபகுதியையும் ஆசியாவின் வடபகுதியையும் தாயகமாகக் கொண்ட ஒரு குறுஞ்செடி. ஆளுயரம் வளரும். குளிர்காலத்தில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். அந்த உறக்கம் அதற்கு இன்றியமையாதது. வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும் குளிர், பெரும்பாலான வகைகளுக்கு 1000 மணி நேரமோ அதற்கு மேலோ கிடைத்தாக வேண்டும். அப்போதுதான் அடுத்த வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விரிந்து பூத்துக் காய்க்கும். 1000 மணி நேரம் என்றால் இரவு பகலாக நாற்பது நாள்களுக்கு மேல். நம் விழுப்புரம் மாவட்டத்துச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிரே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அளவுதான். அதை அந்தச் செடி குளிர் என்றே எண்ணாது. சித்திரை, வைகாசி வெயிலையோ அது தாங்காது. உறங்க விடாமலும், வெயிலில் வாட்டியும் ஓர் உயிரை வைத்திருந்தால் அது எப்படிக் காய்க்கும்? இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் இதன் இனத்தைச் சேர்ந்த சில செடிகள் காட்டில் வளர்கின்றன. நம் ஊர் வேறு.

அப்பழத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆரஞ்சுப் பழம் வருவது தடைப்பட்டது. குழந்தைகளுக்கு வைட்டமின் 'சி' கிடைக்க வழியில்லாமற் போகுமோ என்று அஞ்சிய அந்நாட்டு அரசு, தங்கள் மண்ணிலேயே விளைந்த இந்தக் கறுப்புக் கனியைச் சாறாக்கி 1942 முதல் குழந்தைகளுக்கு வழங்கிற்று. வெளியிலிருந்து வருவது நின்றபோது, வேலியோரத்தில் நின்றதைக் கொண்டு அவர்கள் பிள்ளைகளைக் காத்தார்கள். அமெரிக்காவிலோ இதே செடி மரங்களுக்கு எமனாயிற்று. வெள்ளைப் பைன் மரங்களை அழிக்கும் ஒருவகைத் துரு நோய்க்கு இச்செடி இடம் கொடுக்கிறது என்று கண்டு, 1911-ஆம் ஆண்டு அங்கே இதை வளர்ப்பதற்குத் தடை விதித்தார்கள். நாடு தழுவிய அந்தத் தடை 1966-இல்தான் நீங்கியது. நியூயார்க் மாநிலத்தில் 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அருமருந்தாக இருக்கும் செடி வேறோரிடத்தில் தொல்லையாகிவிடும். ஆகவே செடியைப் பற்றிக் கேட்குமுன் மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. 'கரண்ட்' என்ற சொல் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. முதலில் அது அங்கிருந்து ஏற்றுமதியான பொடி உலர்திராட்சையைத்தான் குறித்தது. கேக்கிலும் ரொட்டியிலும் போடும் சிறிய கறுப்பு உலர்திராட்சையை இன்றும் அப்பெயரால் விற்பவர்கள் இருக்கிறார்கள். அது திராட்சைக் கொடியில் காய்ப்பது. ஐஸ்கிரீமுக்குப் பெயர் தந்த பழம் வேறு. ஆகவே கடையில் சீட்டைப் பார்த்து வாங்காமல் பொருளைப் பார்த்து வாங்குவது நல்லது.

அப்படியானால் திண்டிவனத்துச் சிறுமிக்கு என்ன விடை சொல்வது? புளிப்பும் இனிப்புமாக, கருநீல நிறத்தில், கொத்துக் கொத்தாய்க் குறுஞ்செடியில் காய்க்கும் பழம்தானே அவளுக்கு வேண்டும்? அது நம்மிடமே இருக்கிறது. அதன் பெயர் களா. சில ஊர்களில் கிளாக்காய் என்பார்கள். அதற்கும் பிளாக் கரண்டுக்கும் எவ்வித உறவுமில்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தவை. ஆனால் வீட்டுத் தோட்டத்தில் அது அங்கே செய்யும் வேலையை இது இங்கே செய்யும்.

களா நமக்குப் புதியதன்று. யாழின் கரிய தண்டுக்குக் களாப்பழத்தை உவமையாகச் சொல்லும் பாட்டு புறநானூற்றிலேயே இருக்கிறது. அவ்வளவு பழைய உறவு. களாவில் நம் பக்கம் இரண்டு வகை உண்டு. சிறுகளா என்பது காட்டுச் செடி. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை கடலோரமாக எஞ்சி நிற்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் அதை இன்றும் காணலாம். நம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் வெறும் செம்மண் மேடாகக் கிடந்த நிலத்தை மீண்டும் காடாக்கியவர்கள், இந்தக் காட்டுக்குரிய மரஞ்செடிகளையே தேடி நட்டார்கள். மற்றொன்று பெருங்களா. காய் பெரிது. வீட்டுக்கு ஏற்றது அதுவே.

நீங்கள் அறியாமலேயே களாவைச் சாப்பிட்டிருக்கவும் கூடும். பேக்கரிக் கேக்கின் மீதும் பீடாவின் மீதும் குத்தி வைக்கும் சிவப்புச் 'செர்ரி' பல இடங்களில் செர்ரியே அன்று. கொட்டை நீக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிய களாக்காய்தான் அது.

என் சிறுவயதில் எங்கள் நன்னி வீட்டுக் கொல்லையைச் சுற்றிலும் களா வேலிதான். ஆடு உள்ளே வராது. தை, மாசியில் வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகைபோல மணக்கும். கோடை விடுமுறையில் நாங்கள் வரும்போது காய் வெளிறிய பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தொங்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்போம். பிறகு அந்த வேலி போய் மதில் வந்தது. ஊரெங்கும் அப்படித்தான். மதிலைக் குறை சொல்வதற்கில்லை. பெண்கள் புழங்கும் கொல்லைக்கு மறைவு வேண்டும். ஆனால் மதிலுக்கு உட்புறம் ஒரு மூலையில் ஒரே ஒரு களாச்செடிக்கு இடமில்லாத வீடு அரிது.

இனி வளர்க்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் கன்று. விலைக்கு வாங்கினால் மூன்று அடையாளங்களைப் பாருங்கள். களாவின் இலை முட்டை வடிவில், ஓரம் வெட்டுப்படாமல், தடித்துப் பளபளவென்றிருக்கும். தண்டில் இணை இணையாக உறுதியான முள் இருக்கும். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். இம்மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். பிளாக் கரண்டின் இலையோ மெல்லியது, விரல் விரித்தாற்போல மூன்று அல்லது ஐந்து பிரிவுள்ளது. அதற்கு முள்ளும் இல்லை, பாலும் இல்லை. களா அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அரளி நஞ்சு. ஆகையால் பால் வடிகிறது என்ற ஒன்றை மட்டும் நம்பித் தெரியாத செடியின் காயைப் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.

பெரிய காய் தரும் வகைகளும் உண்டு. உத்தராகண்டின் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகியவற்றை வெளியிட்டிருக்கிறது. மராட்டிய மாநிலம் தாபோலியிலிருந்து கொங்கண் போல்டு வந்தது. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உறவினர் வீட்டுச் செடியின் பழமே போதும். நன்கு கறுத்துக் கனிந்த பழத்தைப் பிசைந்து விதையை எடுத்துக் கழுவி, நிழலில் ஈரம் உலரவிட்டு, சில நாள்களுக்குள் விதைத்துவிட வேண்டும். எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்றால் முளைக்காது. விரைவில் காய்க்க வேண்டுமென்றால் மழைக்காலத்தில் விண்பதியம் போட்டு எடுத்த கன்று நல்லது.

அடுத்து இடம். முழு வெயில் படும் இடம் வேண்டும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி நடுங்கள். தனிச்செடியாக வளர்ப்பதானால் சுற்றிலும் ஆறடி விடுங்கள். வேலியாக வளர்ப்பதானால் செடிக்குச் செடி மூன்றடி போதும். செம்மண், மணல் கலந்த மண், கல்லாங்குத்து எதிலும் வரும். ஆனால் வேரில் நீர் தேங்கலாகாது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது தாழ்வில் நட்டிருந்த என் இளங்கன்று ஒன்று அழுகிப் போயிற்று. கிணற்றடி மேட்டில் நட்டது பிழைத்தது. ஆகவே ஒரு சாண் உயரம் மண்ணை மேடாக்கி நடுவது நம் ஊருக்கு ஏற்றது.

ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைகளுக்கு மட்டும் வாரம் இருமுறை நீர் விடுங்கள். அதன் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு கூடை தொழுவுரம் போதும். விதைக்கன்று மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். ஆறு மாதத்தில் காய்க்கும் என்று யாரேனும் சொன்னால், அவர் உங்கள் செடியைப் பற்றி நினைக்கவில்லை, உங்கள் பணப்பையைத்தான் நினைக்கிறார். மண் தரையே இல்லாத வீட்டினர் மொட்டை மாடியில் பெரிய தொட்டியிலும் வைக்கலாம்.

இனி முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இம்மாதம் நான் சொல்ல விரும்பிய செய்தியே இதுதான்.

முதன்முதலில் நான் நட்ட களாச்செடியைத் தெருவை ஒட்டி, வாசல் வேலியோரமாக நட்டிருந்தேன். பூத்தது, காய்த்தது. பறிக்கும் மகிழ்ச்சியில் கிளைகளை வெட்ட மனம் வரவில்லை. வேலிக்கு வெளியே இரண்டடி நீண்டுவிட்டது. ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன அடுத்த தெருப் பையன், எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கியவன், கிளையில் முகத்தைக் கொடுத்துவிட்டான். முள் புருவத்தில் கீறி இரத்தம் கொட்டிற்று. விரற்கடை கீழே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான். பையனின் தாயார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, "போன வாரம் நீங்கள் கொடுத்தனுப்பிய ஊறுகாய் இன்னும் இருக்கிறது அக்கா" என்றார். அவர் திட்டியிருந்தாலாவது என் மனம் ஆறியிருக்கும்.

அன்று மாலையே செடியை வேரோடு வெட்டிவிடலாம் என்றார் என் கணவர். நானும் சரி என்றேன். மாமியார்தான் தடுத்தார். "முள் இருப்பது செடியின் குற்றமன்று, வழியில் நீட்டி வைத்தது நம் குற்றம். வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டுங்கள்" என்றார்.

சகோதரிகளே, ஒரு மரத்தை நட்டு, அதிலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. நாம் இதை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்கிறோம். அதே தொகுப்புகளில், பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரை அதன் பொருட்டு இறைவன் மன்னித்தான் என்ற செய்தியும் இருக்கிறது. களாச்செடியை நடுபவர் இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஒரே கிளையில் தர்மமும் இருக்கிறது, தொல்லையும் இருக்கிறது. எது நம் கணக்கில் சேரும் என்பதை நம் கையிலுள்ள கத்தரிதான் தீர்மானிக்கிறது.

ஆகவே என் அனுபவத்திலிருந்து சில சொல்கிறேன். தெருவை ஒட்டி நடாதீர்கள். எல்லையிலிருந்து நான்கடி உள்ளே தள்ளி நடுங்கள். அண்டை வீட்டாரின் எல்லையானால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள். காய் பறித்து முடிந்தபின் ஆவணி, புரட்டாசியில் வெளியே நீண்ட கிளைகளை வெட்டுங்கள். கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால், கண்டபடி மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு காய் குறையும். தடித்த கையுறையோ, மடித்த சாக்கோ இல்லாமல் கிளையைத் தொடாதீர்கள். வெட்டிய முள்ளைத் தெருவில் எறியாமல், குழி வெட்டிப் புதையுங்கள். செருப்பில்லாமல் நடப்பவர்கள் நம் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் செடி இப்போது கொல்லையில் கிணற்றடிக்கு அருகே நிற்கிறது. அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. பருவத்தில் முதல் கிண்ணம் அவன் வீட்டுக்குத்தான் போகும்.

இனி அடுப்படி. முற்றிய பச்சைக்காய் ஊறுகாய்க்கு ஏற்றது. காயிலுள்ள பால் கையிலும் கத்தியிலும் பிசினாக ஒட்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, காயைக் கழுவி இரண்டாகப் பிளந்து விதை நீக்கி, உப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசினால் பிசுக்கு போய்விடும். பிறகு ஈரம் போக உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் சேர்த்து, கடுகு தாளித்த நல்லெண்ணெயை ஆறவிட்டு ஊற்றுங்கள். மூன்றாம் நாளே நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் தொட்டுக்கொள்ளலாம். எலுமிச்சை விலை ஏறும் கோடையில் இது கைகொடுக்கும்.

கறுத்துக் கனிந்த பழம் சர்பத்துக்கு. ஒரு கிலோ பழத்தை மூழ்குமளவு நீரில் வேகவைத்து மசித்து வடிகட்டி, சாற்றுக்குச் சமமான சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். புளிப்பான சாற்றுக்கு அலுமினியமும் பித்தளையும் ஆகாது. நோன்பு திறக்கும் நேரத்தில் குளிர்ந்த நீரில் இரண்டு கரண்டி கலந்தால் பிள்ளைகள் கேட்ட நிறமும் இருக்கும், சுவையும் இருக்கும். இன்னும் சற்று நேரம் காய்ச்சினால் அதுவே ஜாமாக இறுகிவிடும். இறுகச் செய்யும் பெக்டின் இப்பழத்தில் இயல்பாகவே மிகுதி.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். களாப்பழம் இரத்தத்தை ஊறவைக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இது நம் வீடுகளிலும் இருக்கும் நோய். புளிப்புப் பழங்களிலுள்ள வைட்டமின் 'சி', நாம் உண்ணும் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும் என்பது உண்மை. ஆகவே சாப்பாட்டோடு களாக்காய் சேர்ப்பது நல்லது. ஆனால் மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் களாப்பழத்தை நம்பியிருப்பது தவறு. குறிப்பாகக் கருவுற்ற மகள், மருமகள் இருக்கும் வீட்டில் இதை நினைவில் வையுங்கள். சர்பத்தில் சர்க்கரை மிகுதி என்பதால் நீரிழிவுள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

திண்டிவனத்துச் சகோதரிக்கு: 600 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு பகுதியே ஒரு களாக் கன்றுக்குப் போதும். குழியை உங்கள் மகளையே வெட்டச் சொல்லுங்கள். இது அவள் எட்டாம் வகுப்பு போகும்போது காய்க்கும் என்று உண்மையைச் சொல்லியே நடச் சொல்லுங்கள். காத்திருக்கக் கற்றுக்கொள்வதும் தோட்டத்தில் விளைவதுதான். முதற்காயை அவள் பறிக்கும்போது கைவிரலில் ஒரு முள்ளாவது குத்தும். அப்போது, அந்த முள் பிறர் மீது படாமல் காப்பது அவள் பொறுப்பு என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.